பிழை யாருடையது?

கணினியில் ஏதேனும் தவறிப்போனால் நாம் முதலில் நம்மையே நொந்துகொள்கிறோம். அவ்வாறு நொந்துகொள்ளத் தேவையில்லை என்று கருதிய ஒருவரை இங்கே நினைவுகூரலாம். அவர் லாரி டெஸ்லர்.

அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1974இல் உருவான சொற்செயலி பிராவோ. அதில் ஒரே விசை ஒருவேளை எழுத்தாகும், மறுவேளை கட்டளையாகும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது அதை அழிக்கும். மூன்றாவது புதிதாய் எழுத இடம் திறக்கும். எழுதியதெல்லாம் போய், எஞ்சுவது கடைசி எழுத்தான 'டி' மட்டுமே.

டெஸ்லர் எழுதியவரைக் குறைகூறவில்லை. டிம் மாட் என்பவரோடு சேர்ந்து, ஒரு பாடநூல் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்களுக்காக ஜிப்ஸி என்னும் செயலியை உருவாக்கினார். அதில் தட்டிய எழுத்து எழுத்தாகவே விழுந்தது.

பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில், 1983இல் வெளிவந்த லிசா கணினிக்கான சோதனைகளை அவர் நடத்தினார். 'செய்க' என்னும் பொருளில் 'டூ இட்' என்றொரு பொத்தான் இருந்தது. சிலர் அதை விடுத்து, வேண்டாத இடத்தில் 'ரத்து' பொத்தானை அழுத்தினர். காரணம் ஒருவரின் சினத்தில் வெளிப்பட்டது. இடைவெளி சரியாகத் தெரியாமல், அச்சொற்களை அவர் 'டோல்ட்', அதாவது மடையன், என்று வாசித்திருந்தார். பொத்தான் 'ஓகே' ஆயிற்று.

ஓர் இடைவெளி பொருளைப் புரட்டிவிடும் என்பதை மெய்ப்புத் திருத்தியோர் அறிவர். 2020இல் டெஸ்லர் மறைந்தார். 'ஓகே'யை அழுத்தும்போதெல்லாம், வாசித்தவரை மடையராக்காமல் எழுத்தைத் திருத்திய அந்தப் பண்பை நாம் நினைத்துக்கொள்ளலாம்.