செயற்கை அண்ணம்: வாய்ப்புற்று நோயாளிகள் இருவரின் வரலாறு

மேல்தாடையில் தோன்றும் புற்றுக்கட்டியை வெட்டி எடுக்கும்போது, வாயையும் மூக்கையும் பிரிக்கும் அண்ண எலும்பும் அதனுடன் போய்விடுவதுண்டு. அதன்பின் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும். பேச்சு குழறி, அருகில் இருப்பவருக்குக்கூட விளங்காது. இத்திறப்பை மூடும் கருவியை அண்ண அடைப்பான் என்பர். 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, துப்பாக்கிக் காயத்தாலும் மேகநோயாலும் அண்ணம் ஓட்டையானவர்களுக்கு உலோகத் தகடு செய்து கொடுத்தார். தகட்டின் மேல் வைத்த கடற்பஞ்சு மூக்கின் ஈரத்தில் ஊறிப் பருத்து அதைப் பிடித்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வல்கனைட் எனும் கெட்டி ரப்பர் பல்மருத்துவத்திற்கு வந்த பிறகே வாயின் அச்சுக்குச் சரியாகப் பொருந்தும் அடைப்பான்கள் கிடைத்தன.

அதனால் பயனடைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து. 1893 சூலை 1 அன்று, ஒனைடா என்ற உல்லாசப் படகில், ஜோசப் பிரையன்ட் தலைமையிலான மருத்துவர்கள் அவருடைய இடது மேல்தாடையின் பெரும்பகுதியை இரகசியமாக அகற்றினர். நாடு அப்போது பொருளாதார நெருக்கடியில் இருந்ததால், தலைவருக்குப் புற்றுநோய் என்பது வெளியே தெரிவதை அவர்கள் விரும்பவில்லை. வெட்டு முழுவதும் வாய்க்குள்ளேயே நடந்தது. மீசை கூடக் குலையவில்லை. ஆனால் வாயைத் திறந்து பேசினால் குட்டு உடைந்துவிடும். அதைக் காப்பாற்றியவர் காசன் கிப்சன் என்ற நியூயார்க் பல்மருத்துவர். அவர் செய்த வல்கனைட் அடைப்பானைப் பொருத்தியதும் குரல் ஏறக்குறைய இயல்பானது. செப்டம்பரில் வாசிங்டனில் கூடிய மருத்துவர் மாநாட்டையே கிளீவ்லாந்து பேசித் தொடங்கி வைத்தார்! இதற்கிடையே ஆகத்து மாத இறுதியில் பிலடெல்பியா நாளிதழில் எட்வர்ட்சு என்ற நிருபர் உண்மையை எழுதியிருந்தார். அதை மறுத்து, அந்நிருபரைப் பொய்யர் ஆக்கினார்கள். அறுவையில் பங்கேற்ற வில்லியம் கீன் 1917இல் எழுதிய பிறகே அவர் எழுதியது மெய் என உறுதியாயிற்று. கிளீவ்லாந்து 1908 வரை வாழ்ந்தார், புற்று திரும்பவில்லை.

உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்டின் கதை வேறு. 1923இல் அவருடைய வலது மேல்தாடையிலும் அண்ணத்திலும் புற்று கண்டறியப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வியன்னாவின் ஆன்சு பிச்லர் தாடையையும் அண்ணத்தையும் வெட்டி எடுத்து, பெரிய அடைப்பான் ஒன்றைப் பொருத்தினார். வீட்டில் அதற்கு இட்ட பெயர் 'பூதம்'. வாயை அகலத் திறக்க முடியாததால் அதை மாட்டுவதும் கழற்றுவதும் பெரும்பாடு. பெரும்பாலும் மகள் அன்னாவின் உதவி தேவைப்பட்டது. இறுக்கமாக இருந்தால் புண் வந்தது, ஓரத்தைத் தேய்த்துத் தளர்த்தினால் பேச்சும் உணவும் கெட்டன. வலது காது மந்தமானதால், நோயாளியின் பேச்சைக் கேட்க இருக்கையின் பக்கத்தை மாற்றிக்கொண்டார். பிறர் முன்னால் சாப்பிடுவதைத் தவிர்த்தார். 1931இல் ஆர்வர்டின் புகழ்பெற்ற தாடைச் சீரமைப்பு வல்லுநர் கசாஞ்சியன் பெருந்தொகைக்குப் புதிய அடைப்பான்கள் செய்தும் தொல்லை தீரவில்லை. 1939இல் இலண்டனில் இறக்கும்வரை 30க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவ்வளவுக்கும் இடையில் அவர் சுருட்டை விடவில்லை. 1938 திசம்பரில் பிபிசி பதிவு செய்த அவருடைய குரலில் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு உழைப்புடன் வருகிறது என்பதைக் கேட்கலாம்.

பல்மருத்துவரின் திறமை மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று கொள்வது சரியாகாது. கிளீவ்லாந்தின் கட்டி, பிற்கால ஆய்வின்படி, மெதுவாக வளர்ந்து எளிதில் பரவாத மருவகைப் புற்று. பிராய்டுக்கோ வெண்படலங்கள் மீண்டும் மீண்டும் தோன்றின. ஒவ்வொரு வெட்டும் வாயின் வடிவத்தை மாற்ற, நேற்றுப் பொருந்திய அடைப்பான் இன்று பொருந்தாது. தழும்பு சுருங்கித் தாடையை இறுக்கியது. கதிர்வீச்சு வேதனையைக் கூட்டியது.

இன்று பல இடங்களில் அறுவைக்கு முன்பே பல்மருத்துவர் அச்செடுத்து, அறுவை மேசையிலேயே தற்காலிக அடைப்பானை வைக்கிறார். காயம் ஆறிய பிறகே நிரந்தரக் கருவி. சுவீடனின் பிரோனமார்க்கு 1965இல் மனிதத் தாடையில் பொருத்தத் தொடங்கிய டைட்டேனிய வேர்கள், பல் இல்லாத தாடையிலும் பிடிமானம் தருகின்றன. கால் எலும்பை எடுத்துத் தாடை அமைத்து, அதில் பல் பதிப்பதும் நடக்கிறது. கதிர்வீச்சு பெற்ற எலும்பு எளிதில் ஆறாது என்பதால், கெட்ட பற்களை முன்கூட்டியே பிடுங்குவது வழக்கம்.

பயனை அளக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு எத்தனை ஆண்டு பிழைத்தார் என்பதே கணக்கு. 1990களில் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கெனத் தனி வாழ்க்கைத்தர வினாத்தாள்கள் உருவாயின. வாசிங்டன் பல்கலைக்கழக வினாத்தாள் மெல்லுதல், விழுங்குதல், பேச்சு, தோற்றம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்கிறது. ஐரோப்பிய வினாத்தாளோ, குடும்பத்தார் முன் சாப்பிடச் சிரமமா, பிறர் முன் சாப்பிடச் சிரமமா என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்தே கேட்கிறது.