பஞ்சமி நிலமும் சேரி மனையும்: செங்கற்பட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இராசராசன் காலத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில், ஊர்தோறும் இறை நீக்கப்பட்ட நிலங்களைக் குறிக்குமிடத்துப் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ ஆகிய சொற்கள் பயில்கின்றன. நிலக்கணக்கில் சேரிக்கு ஓர் இடம் இருந்தது என்பது இதனால் தெளிவு. அங்கு வாழ்ந்தோர்க்கு அம்மண்மீது என்ன உரிமை இருந்தது என்பது வேறு வினா. அவ்வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்ட வருவாய்த்துறைக் கோப்புகளில் வெளிப்படையாக எழுந்தது.

தொண்டைமண்டலத்தில் வேரூன்றியிருந்த மிராசு முறையை நோக்காமல் இதனைப் புரிந்துகொள்ள இயலாது. (திருக்குறளை மொழிபெயர்த்தவராக நாம் அறிந்த எல்லிஸ், மிராசுரிமை குறித்து எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.) ஊரின் தரிசு நிலத்துக்குப் பிறர் தர்க்காஸ்து கொடுத்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை கிட்டியது. எனவே உழுதவர் உழுபவராகவே இருக்க நேர்ந்தது.

மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, நிலமின்மையோடு மனையின்மையையும் சேர்த்துப் பேசுகிறது. சேரி மனைகள் தமக்குரியன என மிராசுதார்கள் கோரினர். கூலி குறித்து முரண்படும் பண்ணையாள், வேலையோடு குடிசையையும் இழக்க வேண்டியிருந்தது. விளைநிலத்தைவிட இம்மனையுரிமையே அவ்வறிக்கையின் உயிர்நாடி எனக் கருதுகிறேன். பின்வந்த ஆய்வுகள் இதற்குப் போதிய அழுத்தம் தரவில்லை. அதே 1891இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாசன சபையை நிறுவினார் என்பதையும் இணைத்துப் பார்த்தல் வேண்டும். சீர்திருத்தம் ஓர் அதிகாரியின் இரக்கத்தால் மட்டும் விளைந்ததன்று.

1892ஆம் ஆண்டு அரசாணையை அடியொற்றி, ஒடுக்கப்பட்டோர்க்குத் தரிசு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கே கைமாற்றலாம் என்பன இத்தகைய ஒப்படைப்புகளோடு சேர்ந்த நிபந்தனைகள்.

இந்நிபந்தனை இருமுனைக் கத்தி எனலாம். நிலம் பறிபோகாமல் காப்பது அதன் நோக்கம். ஆயின் அடகுக்கு ஆகாத நிலத்தை நம்பி விதைக்கும் ஏருக்கும் கடன் கொடுப்பவர் யார்? ஏரிப் பாசனத்தில் பங்கில்லாத மேட்டுத் தரிசுக்கு மாடும் கிணறும் இன்றியமையாதவை. அவற்றை வாங்கும் முதல் இல்லாதவர், பழைய நிலவுடைமையாளரிடமே கைநீட்டினார். எழுத்தில் இல்லாத அடகாக நிலம் கைமாற வழி பிறந்தது. நீரும் முதலும் இன்றி மண்ணை மட்டும் வழங்குவதை நிலைத்த வளர்ச்சி என்று சொல்லுதல் பொருந்தாது.

1994இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நில மீட்பு பெரும் போராட்டமாக எழுந்தது. அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அறிக்கை எழுந்த மாவட்டத்திலேயே, நூறாண்டுகள் கடந்தபின் நிகழ்ந்தது இது.

மீட்பு முயற்சிகளில் இன்றும் முதற்சிக்கலாய் நிற்பது ஆவணமே. எண்பதுகளில் நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல பஞ்சமி நிலங்கள் சாதாரணப் பட்டா நிலங்களாகப் பதிவாகிவிட்டன என்பது செயற்பாட்டாளர்கள் நெடுநாளாகக் கூறிவரும் குறை. அதற்கு முந்தைய ‘ஏ’ பதிவேட்டைத் தேடி எடுப்பவரே வழக்கைத் தொடங்க முடிகிறது.