பிளேக் நோயும் மைசூரும் – சில சிந்தனைகள்

மைசூரில் சாமராஜபுரம், லக்ஷ்மிபுரம் ஆகிய பகுதிகளில் நம்மவர்கள் பலர் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் அங்குள்ள அகன்ற வீதிகளையும், வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சிறு சந்துகளையும் பார்த்து, "மகாராஜா காலத்துத் திட்டம் அல்லவா!" என்று மெச்சுவதுண்டு. அது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்துக்கு அவசரம் தந்தது ஒரு கொள்ளை நோய் என்பதை இன்று நினைப்பவர் சிலரே. ஒரு சமுதாயத்துக்கு ஆபத்து வரும்போது சமூக சேவை என்ன செய்ய முடியும், எதைச் செய்யத் தவறுகிறது என்பதற்கு அந்த வரலாறு நல்ல பாடம்.

பிளேக்குக்கு முன் மைசூர் சமஸ்தானம் கண்ட பேராபத்து, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் சுமார் 50.55 லட்சமாக இருந்த ஜனத்தொகை, 1881-இல் 41.86 லட்சமாகக் குறைந்துவிட்டது. அரசாங்கம் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. நிவாரண வேலைகளைத் தொடங்கியது. பெங்களூர்–மைசூர் ரயில் பாதை வேலையும் அப்படிப் பஞ்ச நிவாரணமாகத் தொடங்கியதுதான். உதவி போதவில்லை, தாமதமாகவும் வந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சத்தில் பசித்தவன் கஞ்சித் தொட்டியைத் தேடி வந்தான். இருபது வருஷம் கழித்து வந்த பிளேக்கிலோ, உதவி செய்ய வந்தவர்களைக் கண்டு ஜனங்கள் ஓடி ஒளிந்தார்கள்.

பிளேக் வந்த விதம்

1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக், ரயில் பாதை வழியே தெற்கே பரவி, 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. சீக்கிரமே மைசூரையும் பிடித்தது. அப்போது நாலாம் கிருஷ்ணராஜ உடையார் சிறுவர். அவருடைய தாயார் மகாராணி வாணி விலாஸ ஸந்நிதானம் ரீஜண்டாக இருந்தார். திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சர் கே. சேஷாத்ரி ஐயர். பிளேக் கமிஷனராக நியமிக்கப்பட்ட வி.பி. மாதவ ராவ், கும்பகோணத்திலிருந்து வந்து மைசூர் அரசுப் பணியில் உயர்ந்தவர். பின்னாளில் திருவிதாங்கூர், மைசூர், பரோடா மூன்றுக்கும் திவானானவர்.

மைசூர் நகரின் ஜனத்தொகை 1891-இல் 74,048, 1901-இல் 68,111. பத்து வருஷத்தில் வளர வேண்டிய ஊர் சுருங்கிவிட்டது. நோயில் மாண்டவர்கள் ஒருபுறம், ஊரை விட்டு வெளியேறியவர்கள் மறுபுறம்.

அன்றைய நடவடிக்கைகள் நாடு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். வீடு வீடாகச் சோதனை, நோயாளியை முகாமுக்குக் கொண்டு போவது, வீட்டைக் காலி செய்வது, ஓட்டைப் பிரித்து வெயில் விடுவது, சுண்ணாம்பும் மருந்தும் அடிப்பது. முகாமுக்குப் போனவர் திரும்புவதில்லை என்ற பயம் பரவியது. மடி, ஆசாரம் பார்த்த வீடுகளில் அந்நியர் நுழைவதே பெரிய அதிர்ச்சி. ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், சாவையும் மறைத்தார்கள். புனாவில் 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட், சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். மைசூருக்கு மிக அருகே, ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் 1898 நவம்பரில் பிளேக் விதிகளை எதிர்த்துக் கலவரமே மூண்டது.

பாதி தெரிந்த விஞ்ஞானம்

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பிளேக் கிருமியை யெர்ஸின் 1894-இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்துவிட்டார். ஹாஃப்கின் 1897-இல் பம்பாயில் தடுப்பூசி தயாரித்தார். ஆனால் எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டு வருவது தெள்ளுப்பூச்சி என்று 1898-இல் கராச்சியில் ஸீமோன் சொன்னபோது, பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 1905-க்குப் பின் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சிகளே அதை உறுதிப்படுத்தின.

ஆக, 1898-இல் உத்தரவு போட்டவர்களுக்கே நோய் பரவும் வழி தெரியாது. வீட்டைக் காலி செய்தது சரியான காரியம்தான். எலியும் தெள்ளும் பின்னால் தங்கிவிட்டன. ஆனால் ஏன் சரி என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. சாக்கடைக்கு மருந்து ஊற்றியதால் தெள்ளுப்பூச்சிக்கு ஒன்றும் நேரவில்லை. தெரிந்தது பாதி, தெரியாதது பாதி என்று இருக்கும் சமயத்தில் கட்டாயத்தை விட நம்பிக்கையே அதிகம் தேவைப்படுகிறது. கட்டாயத்தால் நோயாளிகள் மறைவிடத்துக்குத்தான் போகிறார்கள் என்று கண்ட பிறகு, அரசாங்கமும் 1900 வாக்கில் பல இடங்களில் கெடுபிடியைத் தளர்த்தியது.

தெரிந்த முகம்

பல வருஷம் அரசுப் பணியில் இருந்து நான் கற்றது இது: உத்தரவு வீட்டு வாசல் வரை போகும். வாசற்படி தாண்டி உள்ளே போக, அந்த வீட்டார் அறிந்த ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தைத் தருவதுதான் சமூக சேவை.

புனாவில் சாவித்ரிபாய் ஃபுலே, மருத்துவரான தம் வளர்ப்பு மகனுடன் சேர்ந்து பிளேக் நோயாளிகளைக் கவனித்து, அதே நோயில் 1897 மார்ச் 10 அன்று மறைந்தார். கல்கத்தாவில் 1899-இல் சகோதரி நிவேதிதையும் ராமகிருஷ்ண மிஷன் துறவிகளும் குப்பை நிறைந்த தெருக்களில் இறங்கி வேலை செய்தார்கள்.

மைசூரில் அப்படி ஊரறிந்த முகம், 'தாத்தய்யா' என்று எல்லோரும் அன்புடன் அழைத்த எம். வெங்கடகிருஷ்ணய்யா (1844–1933). மரிமல்லப்பா பள்ளியின் தலைமை ஆசிரியர். 'ஸாத்வி' முதலிய பத்திரிகைகளை நடத்தி, அரசின் குறைகளைத் தயங்காமல் எழுதியவர். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அநாதாலயம் கண்டவர். பதவி இல்லை, பணமும் அதிகம் இல்லை. ஆனால் சாதாரண நாட்களில் ஊருக்கு உழைத்து அவர் சேர்த்த நம்பிக்கை, எந்த கஜானாவிலும் கிடைக்காதது. ஆபத்து வந்த பிறகு அதைச் சம்பாதிக்க நேரம் இருக்காது.

முன் வீதியும் பின் சந்தும்

பிளேக் ஒரு நன்மையையும் விட்டுச் சென்றது. 1903-இல் மைசூர் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு ஏற்பட்டது. பம்பாயில் 1898-இல் இதே காரணத்துக்காக ஏற்பட்ட டிரஸ்டுக்குப் பின், நாட்டிலேயே முன்னோடியான அமைப்புகளில் இது ஒன்று. (1988-இல் இது நகர அபிவிருத்தி ஆணையமாக மாறியது.) நெருக்கமான பழைய பகுதிகள் திருத்தப்பட்டன, காற்றும் வெளிச்சமும் நிறைந்த புதுப் பகுதிகள் உருவாயின. பெங்களூரில் பஸவனகுடியும் மல்லேஸ்வரமும் அதே காலத்தில் வளர்ந்தவைதான்.

நாம் மெச்சும் அந்தப் பின் சந்துகளுக்கு 'கன்ஸர்வன்ஸி' சந்து என்று பெயர். மலக்கூடைகளை எடுத்துச் செல்பவர்கள் முன் வீதியில் வராமல் போவதற்காக அமைத்தவை அவை. முன் வீதியில் குடியிருந்த நம் முன்னோர்களின் ஆரோக்கியத்தைக் காத்தவர்கள் அந்தச் சந்தில் நடந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தலையில் மலம் சுமக்கும் கொடுமையைக் கர்நாடகத்தில் தடை செய்ய, 1970-களில் பி. பஸவலிங்கப்பா என்ற அமைச்சர் முன்வர வேண்டியிருந்தது. சேவை என்றால் நாம் பிறருக்குச் செய்வது என்றே நினைக்கிறோம். நமக்குச் செய்யப்பட்டதையும் கணக்கில் எழுதினால்தான் வரவு செலவு சரியாகும்.

நமக்கு என்ன பாடம்?

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மருந்துக்கும் பாலுக்கும் வழியின்றித் தனித்து நின்ற முதியவர்கள் நம்மில் பலர். தெருவில் ஏற்கெனவே பேச்சுப் பழக்கம் இருந்த இடங்களில் உதவி அன்றே வந்தது. பக்கத்து வீட்டார் பெயர் கூடத் தெரியாத அடுக்குமாடிகளில் தொலைபேசி எண் தேடவே நாட்கள் ஆயின. அந்த நாட்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் காலையில் தவறாமல் வந்தார்கள்.

ஆகவே நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளைக்கும் என் வேண்டுகோள் இரண்டு. தனித்து வாழும் முதியவர்களின் பட்டியலை இன்றே தயார் செய்து, மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். நம் சமூகத்தார் மட்டும் என்று எல்லை போடாமல், தெரு முழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, உங்கள் தெருவைச் சுத்தம் செய்பவரின் பெயரையும், அவர் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிதி திரட்டுவது பிறகு நடக்கட்டும். முதலில் அறிமுகம் வேண்டும்.