இந்திப் படத்தை எங்கிருந்து தொடங்குவது? பல்ராஜ் சாஹ்னியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

புனேயில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பள்ளிப் பிள்ளை ஒருவன் கேட்டிருந்தான். "டீச்சர், ஆபீஸ்ல எல்லாரும் இந்திப் படத்தைப் பத்தியே பேசுறாங்க. எனக்கு ரெண்டு மூணு கான் பேர்தான் தெரியும். எதுல ஆரம்பிக்கட்டும்? பத்துப் படம் சொல்லுங்க." டெல்லியில் படிக்கும் என் தம்பி மகளும் இதையேதான் கேட்டாள். "அத்தை, லிஸ்ட் அனுப்புங்க" என்று இரண்டு முறை நினைவூட்டியும் விட்டாள்.

பத்துப் படப் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். அதை வைத்துப் பார்த்தால் பத்துப் படமும் தனித்தனியாக நிற்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு தெரியாது. சமூக அறிவியல் நடத்தியவள் நான். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதால் வரலாறு புரிந்துவிடாது என்று உங்களிடமே எத்தனை முறை சொல்லியிருப்பேன். அதனால் வேறு வழி சொல்கிறேன். ஒரே ஒரு நடிகரைப் பின்தொடர்ந்து போங்கள். அவர் பெயர் பல்ராஜ் சாஹ்னி.

பெரிய கதாநாயகர் என்று அவரை யாரும் கொண்டாடியதில்லை. சண்டை போடமாட்டார், மரத்தைச் சுற்றி ஓடமாட்டார். ஆனால் அவருடைய நான்கு படங்களைப் பார்த்தால் இந்திப் படம் எப்படிப்பட்ட மனிதர்களால் உருவானது என்பது விளங்கிவிடும். சொந்த ஊரை இழந்தவர்கள், வேறு மொழி பேசுகிறவர்கள், எங்கிருந்தோ பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர்கள். அது 'வடக்கத்திக்காரர்களுடைய' சொத்து என்று நாம் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. வந்து சேர்ந்தவர்கள் கட்டிய வீடு அது; நாமும் உள்ளே போகலாம்.

நான் அவரைத் தெரிந்துகொண்டது நேர்வழியில் இல்லை. 1988-ல் தூர்தர்ஷனில் 'தமஸ்' தொடர் வந்தது. கோவிந்த் நிஹலானி எடுத்தது. நாட்டுப் பிரிவினை நேரத்தில் நடந்த கலவரத்தைப் பற்றியது. அப்போது எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. எனக்கு இந்தி பாதிதான் புரியும். ஆனாலும் முகங்களைப் பார்த்தே கதை புரிந்தது. நாவலை எழுதியவர் பீஷம் சாஹ்னி. தொடரில் அவரே ஒரு முதியவராக நடித்தும் இருந்தார். அவருடைய அண்ணன் ஒரு நடிகர், பெயர் பல்ராஜ் சாஹ்னி என்று பிறகு தெரிந்தது. அதன்பின் வார இறுதியில் தூர்தர்ஷனில் பழைய இந்திப் படம் போட்டால் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அவர் பிறந்தது 1913 மே 1-ஆம் தேதி, ராவல்பிண்டியில். இரண்டு நாள் கழித்து, மே 3-ஆம் தேதி, பம்பாயில் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' திரைக்கு வந்தது. இந்திய சினிமாவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. லாகூரில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தார். சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தார் (நம் இனம்!). அங்கேதான் தாகூர் அவரிடம், உன் தாய்மொழியான பஞ்சாபியில் எழுது என்று சொன்னார். பிற்காலத்தில் அப்படியே பஞ்சாபியில் எழுதவும் செய்தார். சில காலம் காந்தியடிகளின் வார்தாவில் வேலை. பிறகு லண்டன் பி.பி.சி.யில் இந்தி அறிவிப்பாளர். 1943 வாக்கில் திரும்பி வந்து பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்தார். பொதுவுடைமைக் கொள்கைக்காகச் சிறைக்கும் போனார்.

1947-ல் நாடு பிரிந்தபோது அவர் பம்பாயில் இருந்தார். ஆனால் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தக் காலத்துப் படங்களில் யாரை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். திலீப் குமாரும் ராஜ் கபூரும் பெஷாவரில் பிறந்தவர்கள். சுனில் தத் ஜீலம் மாவட்டம். பி.ஆர். சோப்ரா லாகூரில் சினிமாப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். 1947-ல் அதை விட்டுவிட்டு வந்தார். பிமல் ராய் பிறந்தது இன்றைய வங்கதேசத்தில். இந்தப் பக்கமிருந்து போனவர்களும் உண்டு. பாடகி நூர்ஜஹான், எழுத்தாளர் மண்ட்டோ இருவரும் பாகிஸ்தான் போய்விட்டார்கள்.

இவ்வளவு பேர் வீட்டை இழந்து வந்திருக்கிறார்களே, உடனே அதைப் பற்றிப் படம் எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். எடுத்தவை மிகச் சில. நேருக்கு நேர் பேச அவர்களால் முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ரங்கூன் தாத்தாவை உறவினர்களுக்கு நினைவிருக்கும். 1942-ல் அரக்கான் வழியாக நடந்தே வந்தவர். வழியில் என்ன நடந்தது என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு, சாப்பிட்டியா?" என்பார். பேசாமல் இருப்பதும் ஒரு வகையில் சொல்வதுதான். பம்பாய்க்காரர்களும் அப்படித்தான் சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.

இப்போது படங்களுக்கு வருவோம். ஆசிரியர் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு'. ஆகவே உங்களுக்குத் தெரிந்த படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

'3 இடியட்ஸ்' (2009) பார்த்திருப்பீர்கள். தமிழில் 'நண்பன்' ஆக வந்தது. அதில் மகன் என்ஜினீயர் ஆகியே தீரவேண்டும் என்று நிற்கும் அப்பா ஒருவர் உண்டு. மகன் புகைப்படக்காரன் ஆக ஆசைப்படுவானே, அவனுடைய அப்பா. அந்த வேடத்தில் நடித்தவர் பரிக்ஷித் சாஹ்னி. பல்ராஜ் சாஹ்னியின் மகன். கதவு திறந்துவிட்டது. உள்ளே வாருங்கள்.

முதல் படம், 'வக்த்' (1965). காலம் என்று பொருள். கலர் படம், நிறைய நட்சத்திரங்கள், நல்ல பாட்டுகள், கடைசியில் கோர்ட்டு காட்சி. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஏற்றது. தயாரிப்பு பி.ஆர். சோப்ரா, இயக்கம் அவர் தம்பி யஷ் சோப்ரா. பல்ராஜ் இதில் ஒரு பணக்கார வியாபாரி. என் உழைப்பு, என் பிள்ளைகள், எனக்கென்ன குறை என்று பெருமை பேசுகிறார். அன்றிரவே பூகம்பம். வீடு போகிறது, மனைவியும் மூன்று மகன்களும் ஆளுக்கொரு திசையில் சிதறுகிறார்கள். பிரிந்த குடும்பம் சேருகிற கதை நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் எடுத்தவர்கள் லாகூரை விட்டு வந்தவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பூகம்பத்தைப் பாருங்கள். ஒரே இரவில் எல்லாம் போவது அவர்களுக்குக் கற்பனை இல்லை. இதே யஷ் சோப்ராவின் மகன் ஆதித்யா சோப்ராதான் 1995-ல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' எடுத்தவர். அது மும்பை மராத்தா மந்திர் தியேட்டரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஆபீஸ் நண்பர்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் தாத்தா காலத்துக் கதையைச் சேர்த்துச் சொல்லலாம்.

இரண்டாவது, 'காபூலிவாலா' (1961). தாகூரின் சிறுகதை, உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தயாரித்தவர் பிமல் ராய், இயக்கியவர் ஹேமன் குப்தா. கல்கத்தாவில் உலர்பழம் விற்கும் ஆப்கானியர் ஒருவர், மினி என்ற சிறுமியிடம் தன் மகளைப் பார்க்கிறார். மகளின் கைரேகை பதித்த காகிதத்தை நெஞ்சோடு வைத்திருக்கிறார். ஊரில் பிள்ளையை விட்டுவிட்டுத் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் என் மாணவர்கள் இதைத் தனியாக உட்கார்ந்து பார்க்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, 'தோ பீகா ஜமீன்' (1953). கறுப்பு வெள்ளை. இயக்கம் பிமல் ராய், கதையும் இசையும் சலில் சவுத்ரி. வங்காளத்தில் ஒரு பீகா என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். இரண்டு பீகாவை நம் கணக்கில் சொன்னால் 66 சென்ட். அவ்வளவுதான் ஷம்பு என்ற விவசாயியின் நிலம். ஜமீன்தாருக்கு அங்கே மில் கட்டவேண்டும். ஷம்பு 65 ரூபாய் கடன் என்று நினைத்துக்கொண்டிருக்க, கோர்ட்டில் அது 235 ரூபாய் என்று வருகிறது. கட்ட மூன்று மாதம் கெடு. மகனோடு கல்கத்தா போய்க் கைரிக்ஷா இழுக்கிறார்.

ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, லண்டனில் இருந்து வந்தவர் ரிக்ஷாக்காரராக நடிக்கமுடியுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. அவர் கல்கத்தாத் தெருவில் நிஜமாகவே ரிக்ஷா இழுத்துப் பழகினார். அங்கே பீகாரிலிருந்து வந்த ஒரு ரிக்ஷாக்காரரிடம் படத்தின் கதையைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டாராம். அவருடைய நிலமும் அப்படித்தான் ஜமீன்தாரிடம் அடமானத்தில் போயிருந்தது. அதன்பிறகுதான் நடிப்பைப் பற்றிய பயம் போனது என்று பல்ராஜ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1954-ல் கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. கடைசிக் காட்சியில் ஒரு பிடி மண் வரும். அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இந்தி தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று. ஜமீன், வசூல், பாக்கி, அசல், வக்கீல், ஜாமீன் எல்லாம் நாம் தினமும் பேசும் சொற்கள். அந்தப் படத்துக் கோர்ட்டில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே புரியும். சட்டம் போட்டுத் திணித்த மொழி வேறு, சந்தையிலும் கச்சேரியிலும் பழகி வந்த மொழி வேறு. பழைய இந்திப் படம் பேசுவது இரண்டாவது வகை. உருதுவும் இந்தியும் கலந்த அந்தப் பேச்சை எழுதியவர், பேசியவர், படம் பிடித்தவர் பலருக்கும் வீட்டு மொழி பஞ்சாபி, வங்காளி, மராத்தி, குஜராத்தி, கன்னடம், ஏன் தமிழும்கூட. நம் ஏவி.எம். 1956-ல் வந்த 'குலதெய்வம்' படத்தை அடுத்த ஆண்டே 'பாபி' (அண்ணி) என்று இந்தியில் எடுத்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், கதாநாயகி பண்டரிபாய், கதாநாயகன் இதே பல்ராஜ் சாஹ்னி. நம் ஊருக்கும் அவர் புதியவர் இல்லை.

நான்காவது, 'கரம் ஹவா' (1974). அனல் காற்று. இதைக் கடைசியாகப் பாருங்கள், மற்ற மூன்றையும் பார்த்த பிறகு. இயக்குநர் எம்.எஸ். சத்யு மைசூரில் பிறந்தவர். இஸ்மத் சுக்தாயின் கதை. திரைக்கதை கைஃபி ஆஸ்மி, ஷமா ஜைதி. பிரிவினை நடந்து முடிந்த ஆக்ராவில் செருப்புத் தொழில் செய்யும் சலீம் மிர்சா பாகிஸ்தான் போக மறுக்கிறார். கலவரக் காட்சிகளைப் பெரிதாகக் காட்டமாட்டார்கள். கடன் கேட்டால் தரமாட்டார்கள், நாளைக்கு நீ போய்விட்டால் யார் கட்டுவது என்பார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காது. சொந்த வீடு அண்ணன் பெயரில் இருந்ததால், அண்ணன் எல்லை தாண்டிப் போனதும் அதுவும் போய்விடும். வயதான தாய் அந்த வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று ஒளிந்துகொள்வார். இப்படி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். மிர்சா குரலை உயர்த்தமாட்டார்.

யோசித்துப் பாருங்கள். ராவல்பிண்டியை இழந்த ஓர் இந்து, ஆக்ராவை இழக்கப்போகும் ஒரு முஸ்லிமாக நடிக்கிறார். தனக்கு நடந்தது எதிர்த் தரப்பில் இருப்பவருக்கும் நடந்தது என்று அறிந்து நடிக்கிறார். படத்தில் மிர்சாவின் மகள் இறந்துபோவாள். பல்ராஜின் சொந்த மகள் ஷப்னம் அதற்குச் சற்று முன்புதான் இறந்திருந்தார். அந்தக் காட்சியில் அவர் அழுவதில்லை. பார்க்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கும்.

குரல் பதிவை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13, பல்ராஜ் சாஹ்னி மாரடைப்பால் காலமானார். படத்தை அவர் பார்க்கவில்லை. கலவரம் வந்துவிடும் என்று தணிக்கையில் பல மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். 1974-ல் வெளிவந்தபோது கலவரம் எதுவும் வரவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதுதான் வந்தது. சுதந்திரம் கிடைத்து ஏறக்குறைய 27 ஆண்டுகள் கழித்து, அந்தத் தலைமுறை சுற்றி வளைக்காமல் பேசிய படம் அது.

நிலத்தை இழந்தவர், நாட்டைவிட்டு வந்தவர், குடும்பத்தை இழந்தவர், ஊரே அந்நியமாகிப் போனவர். நான்கு படம், நான்கு இழப்பு, நடித்தது ஒரே மனிதர். இதைப் பார்த்துவிட்டு 'ஷோலே'க்குப் போங்கள், 'ஆனந்த்' பாருங்கள், புதுப்படங்களுக்கும் போங்கள். யார் எங்கிருந்து வந்து எடுத்தார்கள் என்று கேட்கிற பழக்கம் தானாக வந்துவிடும்.

பார்க்கும்போது சில குறிப்புகள். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முதல் கால் மணி நேரம் பொறுமை கொடுங்கள், கண் பழகிவிடும். பாட்டை ஓட்டிவிடாதீர்கள். வசனத்தில் சொல்லமுடியாததைப் பாட்டில்தான் வைத்திருப்பார்கள். ஒரே நாளில் இரண்டு படம் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. 'கரம் ஹவா' முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், நம் குடும்பத்தில் ஊரைவிட்டு வந்தவர் யார், எதை விட்டுவிட்டு வந்தார் என்று கேளுங்கள். பர்மாவாக இருக்கலாம், இலங்கையாக இருக்கலாம், அணை கட்டியதில் மூழ்கிய பக்கத்து ஊராகவும் இருக்கலாம். ரங்கூன் தாத்தாவிடம் இரண்டாம் முறை கேட்க எங்களில் யாருமே இல்லாமல் போய்விட்டோம். உங்கள் வீட்டில் இன்னும் கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்டதைக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன், மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்