661 பெட்டிகளில் வந்த கோவில்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், பிரம்மாண்டமான கண்ணாடிச் சுவர் கொண்ட கூடம் ஒன்றில், எகிப்தியக் கோவில் ஒன்று முழுசாக நிற்கிறது. அதன் பெயர் டெண்டூர். அஸ்வான் நகருக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில், நூபியா எனப்படும் பகுதியில், நைல் நதியின் மேற்குக் கரைதான் அதன் பூர்விகம்.

எகிப்தியக் கோவில் என்றாலும் கட்டுவித்தவர் ரோமப் பேரரசர் அகஸ்டஸ். கிளியோபாட்ராவை வென்று எகிப்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளிலேயே, தெற்கே இருந்த குஷ் நாட்டுடன் ரோமுக்குப் போர் மூண்டது. அது சமாதானத்தில் முடிந்தபின், கி.மு. 15 வாக்கில் இந்தக் கோவில் எழும்பியது. மூலதெய்வம் ஐசிஸ். கூடவே பெடேசி, பிஹோர் என்ற அண்ணன் தம்பிக்கும் வழிபாடு. இருவரும் உள்ளூர் நூபியத் தலைவன் ஒருவனின் பிள்ளைகள். நைலில் மூழ்கி இறந்து தெய்வமானவர்கள் என்று கருதப்படுகிறது. எல்லைப்புற மக்களின் குலதெய்வத்துக்குக் கோவில் எடுத்து, அவர்களைத் தன் பக்கம் இழுக்கும் அரசியல் இதில் இருந்தது. சுவர்ச் சிற்பங்களில் அகஸ்டஸ் ஃபாரோ வேடத்தில் நின்று தெய்வங்களுக்குப் படையல் இடுகிறார். நேரில் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஆறாம் நூற்றாண்டில் கோவில் கிறிஸ்தவ தேவாலயமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்கப் பயணிகள் வந்து சுவரில் தங்கள் பெயரைச் செதுக்கினார்கள். 1821இல் அப்படிச் செதுக்கிய பிராடிஷ் என்பவர் பெயரோடு ஊரையும் சேர்த்தார்: நியூயார்க்.

1902இல் அஸ்வானில் முதல் அணை கட்டப்பட்டது. பின்னர் அதன் உயரத்தை இரண்டு முறை கூட்டினார்கள். கோவில் ஆண்டில் பல மாதங்கள் தண்ணீரில் கிடந்தது. 1960இல் அஸ்வான் உயர் அணையின் வேலை தொடங்கியதும், நிரந்தரமாகவே மூழ்கிவிடும் என்ற நிலை. நூபியாவின் சின்னங்களைக் காப்பாற்ற யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. உதவிய நாடுகள் சிலவற்றுக்கு எகிப்து கோவில்களையே பரிசளித்தது. டெபோட் கோவில் ஸ்பெயினின் மாட்ரிட்டுக்கும், டாஃபே நெதர்லாந்தின் லைடனுக்கும் போயின. சுமார் 1.6 கோடி டாலர் கொடுத்த அமெரிக்காவுக்கு 1965இல் டெண்டூர் கிடைத்தது. 1963இலேயே கல் கல்லாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த கோவில், 661 பெட்டிகளில் கப்பலேறியது. மொத்தம் 800 டன்னுக்கு மேல்.

அமெரிக்காவில் எந்த ஊருக்கு என்பதில் பெரிய போட்டி. பத்திரிகைகள் அதற்கு ‘டெண்டூர் பந்தயம்’ என்றே பெயர் வைத்தன. வாஷிங்டன்காரர்கள் பொடோமாக் ஆற்றங்கரையில் திறந்தவெளியில் நிறுத்தலாம் என்றார்கள். பாஸ்டனும் தன் சார்லஸ் ஆற்றங்கரையைக் காட்டியது. ஆற்றங்கரையில் பிறந்த கோவிலுக்கு ஆற்றங்கரைதான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் கல் சம்மதிக்க வேண்டுமே! அது மணற்கல், நூபியாவின் வறண்ட காற்றில் ஈராயிரம் ஆண்டு தாங்கியது, அமெரிக்கக் கிழக்குக் கரையின் மழையிலும் உறைபனியிலும் அரித்துப்போகும். கூரைக்குள் வைத்துக் காப்போம் என்ற மெட்ரோபாலிட்டனுக்கே 1967இல் பரிசு போனது.

கெவின் ரோச், ஜான் டிங்கலூ நிறுவனம் வடிவமைத்த கூடம் 1978இல் திறக்கப்பட்டது. முன்னால் உள்ள நீர்த்தடாகம் நைலுக்குப் பதில். பின்னால் உள்ள சாய்சுவர் அந்தக் கரையின் பாறைச்சரிவுக்குப் பதில்.

நூபியர்களுடன் உறவைச் சரிசெய்ய ரோம் எழுப்பிய கோவிலை, அமெரிக்காவுக்கு நன்றி சொல்ல எகிப்து கொடுத்தது. இரண்டு முறையும் அதை எழுந்து நிற்க வைத்தது பக்தி மட்டுமல்ல, ராஜதந்திரமும்தான்.