கச்சான் காலத்துத் தோழர்கள்

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துறைமுகத்தின் ஆழத்தையும் கோட்டையின் பீரங்கிகளையும் பற்றியே எழுதினர். 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை வென்று கோட்டையைக் கைப்பற்றியதும், 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது ஆங்கிலேயர் வசமாகிப் பின் பிரெஞ்சுக்காரர் வசமானதும், 1795இல் மறுபடி புகுந்த ஆங்கிலேயர் 1957 வரை கடற்படைத் தளத்தை விடாது வைத்திருந்ததும் பாடப்புத்தகம் படித்தவர் அறிந்தவையே. ஆனால் இவர்கள் விட்டுச்சென்ற சந்ததியாரும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான பாலையூற்றுக் காப்பிலிகளும், கிண்ணியா முஸ்லிம்களும், ஊர்த் தமிழரும் ஆகிய இத்தனை ஜனங்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் எவ்விதம் அறிந்துகொண்டனர் என்பதற்குச் சாசனம் கிடையாது. சில சொற்களே உண்டு. 1867இல் தோன்றிய சூசையப்பர் கல்லூரியிலும் 1897இல் தோன்றிய இந்துக் கல்லூரியிலும் பிள்ளைகள் தோளோடு தோள் உரச அமர்ந்த பலகைக்கு இன்றளவும் 'வாங்கு' என்றே பெயர். அது போர்த்துக்கேயர் தந்த சொல்.

சிநேகத்தின் வேகத்தைக் காண விரும்புவோர் பள்ளிக்கூடத்தைவிடக் கடற்கரைக்குச் செல்வதே உசிதம். தென்மேற்குப் பருவக்காற்று நீர்கொழும்பு, சிலாபக் கடல்களைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில், அதே காற்று மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு, உலர்ந்த கச்சானாகக் கிழக்குக் கரையை அடைந்து, கரையோரக் கடலை வலை வீசுவதற்கு இணக்கமாக விட்டுவிடுகிறது. (காற்றுக்கும் வேர்க்கடலைக்கும் ஒரே பெயரிட்டு, இரண்டையும் மாலைவேளையில் அனுபவிக்கும் ஜனங்கள் நாங்கள்.) ஆதலால் மேற்குக்கரை மீனவர் தலைமுறை தலைமுறையாகப் பங்குனி, சித்திரையில் புறப்பட்டு, நிலாவெளி, குச்சவெளி தொடங்கிப் புல்மோட்டை ஈறாகக் கிடுகால் வாடி கட்டித் தங்கி, வாடைக்காற்று எழுமுன் திரும்பிச் செல்வர். அவருட் சிலர் மனைவி மக்களையும் அழைத்து வந்தனர்.

அவ்விதம் வந்த ஒரு சிறுவனை நான் கண்டதுண்டு. ஏழு வயதிருக்கும். தாயின் முந்தானையைப் பற்றியபடி, கரைவலை இழுப்பதைத் தூரத்தே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றின் கடைசித் தலைப்பில், பெரியவர்களுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லாதவாறு தொங்கிக்கொண்டிருந்த எங்களூர்ப் பையன் ஒருவன், திரும்பிப் பார்த்து, "வாறியா?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை; ஊர், பெயர், சமயம் எவையும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. முந்தானை விடுபட்டது, கயிற்றில் இடமும் உண்டாயிற்று. மடி கரையேறுவதற்குள் இருவரும், வலைக்கண்ணில் சிக்கிய நெத்தலிகளைப் பொறுக்கி ஒரே சிரட்டையில் இட்டுக்கொண்டிருந்தனர். பிற்பகலில் வாடியின் நிழலில் போளை அடிக்கும்போது எண்ணிக்கை, "எக்க, தெக்க, மூன்று, நாலு" என்று பாதி சிங்களமும் பாதி தமிழுமாக ஓடிற்று. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் அதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கும் வந்தவர்களுக்குமிடையே மீன்விலை பற்றிய பேச்சு அன்று முழுவதும் முடிந்தபாடில்லை.

குழந்தைகள் கபடமற்றவர்கள் என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் போளை விளையாட்டைக் கவனித்துப் பாராதவர்களே; அதில் நிகழும் அளாப்பலுக்குக் கணக்கில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், இருவருமாக மூன்றாவதொரு பொருளை, அது கயிறாயினும் போளையாயினும், பார்த்துக்கொண்டிருப்பதனாலேயே அவர்கள் சிநேகம் இலகுவாகிறதென்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்களாகிய நாம் முதலில் முகத்தைப் பார்க்கிறோம்.

போர் மூண்ட 1983இன் பின் மேற்குக்கரை மீனவரின் இப்பிரயாணம் நெடுங்காலம் தடைப்பட்டது. போர் ஓய்ந்த 2009இன் பின் வாடிகள் மீண்டும் எழுந்தன. கரை யாருடையது என்ற, அற்பமென்று தள்ளிவிட முடியாத பிணக்கும் கூடவே எழுந்தது.

நான் முன்பு சொன்ன அந்தச் சிறுவன் மறுவருஷமும் வந்தான். போன வருஷம் முதல்நாள் ஒரு நாழிகையில் ஒட்டிக்கொண்ட இருவரும், இம்முறை ஒரு சாண் வளர்ந்து, ஒருவன் முன்பல்லை இழந்தும் மற்றவன் குரல் சற்றே மாறியும் இருந்தமையால், காலை முழுவதும் வெட்கித் தனித்தனியே நின்றனர். வலை கரையேறும் சத்தம் கேட்டது. பல்லிழந்தவன் தன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு போளையை எடுத்து நீட்டி, போன வருஷம் நீ தோற்றது இதுதான் என்றான். மற்றவன் உடனே, தோற்கவில்லை, நீ அளாப்பினாய் என்று சண்டைக்கு வந்தான்.