வானலைப் பாடசாலை

அவுஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பாகம் செம்மண்ணும் சிறுபுதரும் பரந்த வரண்ட நிலமாகும். ஆங்கே ஆடுமாடு வளர்ப்போரின் பண்ணைகள் ஒன்றுக்கொன்று பல மைல் தூரத்தில் அமைந்துள்ளன. அத்தகைய பண்ணையிற் பிறந்த பிள்ளைக்கு அயல்வீட்டுத் தோழனும் இல்லை. நடந்து செல்லத்தக்க பாடசாலையும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது தபால்வழிக் கல்வியே. பாடத்தாள் தபாலில் வரும். பிள்ளை விடை எழுதும். விடைத்தாள் மீண்டும் தபாலிற் செல்லும். பிழை யாதென அறியவரும்போது, அப்பிழையைச் செய்த நினைவே பிள்ளையின் உள்ளத்தை விட்டு நீங்கியிருக்கும்.

இக்குறையை நீக்கிய கருவி முதலிற் பாடசாலைக்கென ஆக்கப்பட்டதன்று, நோயாளிக்கென ஆக்கப்பட்டது. யோன் பிளின் என்னும் பாதிரியாரின் முயற்சியால், 1928ஆம் ஆண்டிலே குயீன்ஸ்லாந்தின் குளொன்கறி என்னும் ஊரிற் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கிற்று. ஆனால் தொலைபேசியும் மின்சாரமும் இல்லாத பண்ணையிலிருந்து மருத்துவரை அழைப்பது எவ்வாறு? அடிலெயிட் நகரத்துப் பொறியியலாளர் அல்பிரட் திரேகர் 1929ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். துவிச்சக்கர வண்டியை மிதிப்பதுபோலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அவர் அமைத்தார். தொடக்கத்தில் அது மோர்ஸ் குறிகளையே அனுப்பிற்று. பின்னர் மனிதர் குரலையும் சுமந்து சென்றது.

முன்னர்ப் பாடசாலைப் பரிசோதகராகக் கடமையாற்றிய அடிலெயிட் மீத்கே என்னும் அம்மையார், அச்சேவையின் தென் அவுஸ்திரேலியக் கிளையிற் பணிபுரிந்தவர். பண்ணைப் பிள்ளைகள் அக்கருவியைத் தயக்கமின்றிக் கையாளுவதை அவர் கவனித்தார். மருத்துவரின் குரல் வரும் வழியில் ஆசிரியரின் குரலும் வரலாமன்றோ என அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக, 1951ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் திகதி அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துப் பறக்கும் மருத்துவர் நிலையத்திலிருந்து வானலைப் பாடசாலை முறைப்படி ஒலிக்கத் தொடங்கிற்று.

இவ்வரலாற்றிற் சிறப்பாகக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆரம்பத்தில் ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டனர், அவ்வளவே. சிறிது காலத்தின் பின் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வினாவுக்கும் விடைக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. அன்றுதான் அது உண்மையிற் பாடசாலையாயிற்று எனலாம். ஒரு பிள்ளை கேட்ட வினாவை நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த இன்னொரு பிள்ளையும் கேட்டது. முகமறியாத தோழமை வளர்ந்தது. விளங்காததை விளங்கவில்லையென்று சொல்ல வழி பிறந்தது.

2003ஆம் ஆண்டுக்கும் 2009ஆம் ஆண்டுக்கும் இடையில் இத்தகைய பாடசாலைகள் பெரும்பாலும் சிற்றலை வானொலியை விட்டு இணையத்துக்கு மாறின. குரல் மட்டும் கேட்ட இடத்தில் ஆசிரியரின் முகமும் அவர் எழுதும் பலகையும் கணினித் திரையிலே தோன்றின. அலிஸ் ஸ்பிரிங்ஸ் பாடசாலையின் எல்லை பத்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. இலங்கையைப் போலப் பதினைந்து மடங்கு எனலாம். ஆயினும் அங்குள்ளோர் கருவியை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. பிள்ளையின் அருகிலே தாயோ வேறொரு வழிகாட்டியோ அமர்ந்து உதவுவர். ஆசிரியர் நெடுந்தூரம் பிரயாணஞ்செய்து பிள்ளையை வீட்டிலே சென்று காண்பார். குறித்த காலங்களிற் பிள்ளைகள் நகரில் ஒன்றுகூடிப் படிப்பர், விளையாடுவர்.

இவ்வரலாறு இலங்கைக்கும் புறம்பானதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனா நோய் காரணமாக இந்நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இணையத்திலும் வந்தன. ஆசிரியர் பலர் கைத்தொலைபேசி வாயிலாகப் பயிற்சிகளை அனுப்பினர். ஆனால் கருவி வாங்க இயலாத குடும்பங்களும், இணைய அலை எட்டாத கிராமங்களும் இருந்தன. அலை கிடைக்கும் இடந்தேடிப் பிள்ளைகள் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறிய செய்திகள் வெளிவந்தன. பாடம் வீட்டு வாசல்வரை வந்தும், பிள்ளையின் வினா ஆசிரியரைச் சென்றடையாத நிலை பல இல்லங்களில் நேர்ந்தது. தபால்வழிக் கல்வியின் பழைய குறை, புதிய கருவியோடு மீண்டும் தோன்றிற்று.

மிதிவிசை வானொலியாயினும் கணினியாயினும் அதனைச் சோதிக்கும் உரைகல் ஒன்றேயாம். கடைக்கோடியில் இருக்கும் பிள்ளை வாய் திறந்து கேட்கும் வினா, அதே பாடவேளையில் ஆசிரியரின் செவியில் விழுகின்றதா? விழுமாயின் பாலைவனத்தின் நடுவிலும் பாடசாலை உண்டு. விழாதாயின் நகரத்தின் நடுவிலும் அப்பிள்ளை தனித்தே இருக்கின்றது.